மீனைக் கொண்டுவந்து விட்டதுக்கு ஒரு சொல்

மட்டக்களப்பிலிருந்து டீச்சர், திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு நாங்க நாலைஞ்சு ஆசிரியர்மார் சேந்து ஒரு வாசிப்புக் கைநூல் செய்யிறம், அதில எனக்கு வந்த பாடம் வெள்ளைக்காரர் தங்கட ஊர் மீன்கள கப்பல்ல ஏத்திக்கொண்டு போய் தாங்க ஆண்ட நாடுகள்ல ஆத்திலயும் குளத்திலயும் விட்ட கதை. இங்கிலிசில பதினெட்டுப் பக்கம், வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சுக்குக் குடுக்கணும், நான் இன்னும் ஆறாம் பக்கத்திலதான் நிக்கிறன்.

அந்தச் செய்கைக்கு அவங்க ரெண்டு சொல்ல மாறி மாறிப் போட்டிரிக்காங்க, ஒண்டு இன்ட்ரடக்‌ஷன், மத்தது அக்ளைமடைசேஷன். முதலாவதுக்கு 'அறிமுகப்படுத்தல்' எண்டு போட்டுக்கொண்டு போனன். மறுகா ஒரு பக்கத்த மகளுக்கு வாசிக்கக் குடுத்தன், 'ட்ரவுட் மீன் நுவரெலியாவில் அறிமுகப்படுத்தப்பட்டது' எண்ட இடத்தில நிண்டுட்டு "அம்மா, ஆருக்கு அறிமுகப்படுத்தினாங்க?" எண்டு கேட்டாள். அதோட எனக்குக் கை ஓடல்ல.

ரெண்டாவது இன்னும் சிக்கல். 'பழக்கல்', 'இணக்கப்படுத்தல்' எண்டெல்லாம் எழுதிப் பாத்தன். ஆனா பாடத்தில வாற முதல் கதையே டாஸ்மேனியாக் கதை. 1864இல நோர்ஃபோக் எண்ட கப்பல்ல லண்டன்ல இருந்து மீன் முட்டை அனுப்புறாங்க, சின்னச் சின்ன மரப்பெட்டிக்குள்ள ஈரப்பாசி வைச்சு அதுக்குள்ள முட்டைய வைச்சு, பெட்டிகள ஐஸ் அறைக்குள்ள அடுக்கி, ஜனவரியில வெளிக்கிட்ட கப்பல் ஏப்ரல்லதான் போய்ச் சேருது. போனதில பெரும்பங்கு சாமன் எண்ட மீன்ட முட்டை, அதுதான் அவங்கட ஆசை. ட்ரவுட் முட்டை துணைக்குப் போட்ட கொஞ்சம். கடைசியில சாமன் குஞ்சு வளந்து கடலுக்குப் போனது போனதுதான், முட்டையிட ஆத்துக்குத் திரும்பி வரல்ல. துணைக்குப் போன ட்ரவுட்தான் தங்கிப் பெருகி, மறுகா அங்க இருந்து 1867இல நியூசிலாந்துக்கும் போயிரிக்கி. ரெண்டு மீனுக்கும் செஞ்ச வேலை ஒண்டு, முடிவு வேற. 'பழக்கல்' எண்டு போட்டா சாமனுக்கு அது பொய்.

ஆராவது கை குடுங்க.

காரைதீவிலிருந்து தமிழ் சேர், செவ்வாய் காலை 5.15

பிள்ளை, உங்கட மகள் கேட்டது சரியான கேள்வி. அறிமுகம் எண்டா அறிந்த முகம். 'அவர் எனக்கு அறிமுகம்' எண்டுதான் பழைய ஆக்கள் சொல்லுவாங்க, தெரிஞ்ச ஆள் எண்டு கருத்து. ஒருத்தரும் அறியாத மீனுக்கு அந்தச் சொல்ல வைச்சது நம்மட சொல்லாக்கத்தில நடந்த ஒரு அவசரம்.

இந்தச் செய்கைக்குப் பழந்தமிழ்ல தெளிவான சொல் இரிக்கி. புறநானூறு 99ஆம் பாட்டில ஔவையார் அதியமான்ட முன்னோரைப் பாடக்குள்ள 'அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்' எண்டு சொல்லுறா. வேற எங்கயோ விளைஞ்ச கரும்ப இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது. இவண் எண்டா இங்க. உயிரினம் ஒண்ட ஒரு நிலத்தில இருந்து இன்னொரு நிலத்துக்கு மனிசன் கொண்டுவாறதப் பத்தி நம்மட மொழியில இதவிடப் பழைய சான்ற நான் படிச்ச அளவில காணல்ல. அதால 'இவண்தரல்' எண்டு வைக்கலாம். மீனுக்கு 'தருமீன்'. ரெண்டும் சின்னச் சொல், புணர்ச்சி சுத்தம்.

இதில இன்னொரு நயம் இரிக்கி. தொல்காப்பியர் தருசொல்லையும் வருசொல்லையும் தன்மை முன்னிலை ரெண்டுக்கும் உரியது எண்டு வைச்சார், செலவும் கொடையும் படர்க்கைக்கு. அதாவது 'தா' எண்ட வினைக்குள்ளயே பொருள் எந்தப் பக்கம் வருகுது எண்ட திசை இரிக்கி. இங்கிலிசுச் சொல்லுக்கு அந்தத் திசை இல்ல. இலங்கைக்கு வந்த மீன் நமக்குத் தருமீன், அதே மீன் அவங்களுக்குக் கொடைமீன். ஒரே செய்கையை ஆர் எங்க நிண்டு சொல்லுறார் எண்டதைச் சொல்லே காட்டும். தெலுங்கு, கன்னடத்தில 'தா' எப்பிடி நிக்குது எண்டதையும் பாத்தா இது இன்னும் விளங்கும், அதை வேற மடல்ல எழுதுறன்.

விபுலானந்த அடிகள் எங்கட காரைதீவு மண்ணில பிறந்தவர், சென்னையில சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். அந்த மண்ணில இருந்துகொண்டு நாங்க 'இன்ட்ரடக்‌ஷன்' எண்டதுக்கு முழிக்கக் கூடாது எண்டதுதான் என்ட கவலை.

வந்தாறுமூலையிலிருந்து விலங்கியல் மாணவன், செவ்வாய் பகல் 1.05

சேர், உங்கட விளக்கத்த ரெண்டு தரம் வாசிச்சன். ஆனா 'தருமீன்' எண்டு பரீட்சைப் பேப்பர்ல கண்டா நானே 'தருகிற மீன், எதத் தருது?' எண்டுதான் யோசிப்பன். 'இவண்' எண்ட சொல் ஒரு பிள்ளைக்கும் தெரியா. சொல்லுக்கு விளக்கம் சொல்லியே பாதிப் பாடவேளை போயிரும் சேர்.

டீச்சர், உயிரியல் பக்கமா ஒண்டு சொல்லணும். பேப்பர்கள்லயும் போஸ்டர்கள்லயும் 'ஆக்கிரமிப்பு அந்நிய இனம்', 'ஊடுருவும் இனம்' எண்டு வருது, தயவு செஞ்சி அதைப் பொதுச்சொல்லா எடுக்க வேணாம். கொண்டுவாறது ஒண்டு, வந்த இடத்தில தானாப் பெருகி நிலைச்சு நிக்கிறது ரெண்டு, நிலைச்சது பரவி மத்ததுகளக் கெடுக்கிறது மூண்டு. மூண்டும் வேற வேற. நுவரெலியாவில 1880கள்ல பிரவுன் ட்ரவுட் விட்டாங்க, அது சரியாப் பெருகல்ல, பிறகு கொண்டுவந்த ரெயின்போ ட்ரவுட்தான் ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகள்ல நிலைச்சிது. தூண்டில் போடுற வெள்ளைக்காரத் துரைமார் 1896இல அதுக்கெண்டு ஒரு கழகமே வைச்சாங்க. ஆனா அது மலைய விட்டு இறங்கல்ல, ஏலாது, குளிர்ந்த ஓடுற தண்ணி இல்லாட்டி அது செத்துரும், நம்மட உன்னிச்சைக் குளத்தில ஒரு நாள் தாங்காது. அதே காலனி ஆட்சியில கிழக்காபிரிக்காவில விக்டோரியா ஏரிக்குள்ள 1950கள்ல நைல் பேர்ச்ச விட்டாங்க, அது அந்த ஏரிக்கே உரிய சிக்லிட் மீன்கள் நூத்துக்கணக்கான இனத்த இல்லாமப் பண்ணிட்டு. ரெண்டுக்கும் முதல் படியில செஞ்ச வேலை ஒண்டுதான். அந்த முதல் படிக்கு மட்டும் ஒரு சொல் வேணும், நல்லது கெட்டது சொல்லாத சொல்.

என்ட பரிந்துரை 'அயல்மீன் புகுத்தல்'. ரெண்டாம் படிக்கு 'நிலைபெறல்'.

இன்னொண்டு டீச்சர், 'விக்டோரியா' எண்டு மட்டும் எழுதினா பிள்ளைகள் மகாவலியில இரிக்கிற நம்மட விக்டோரியா நீர்த்தேக்கம் எண்டு நினைச்சிருவாங்க, 'ஆபிரிக்காவின்' எண்டு முன்னுக்குப் போடுங்க.

அக்கரைப்பற்றிலிருந்து மீன்வளக் களவேலை செய்யிறவர், செவ்வாய் இரவு 10.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தமிழ் படிச்ச ஆள் இல்ல, இருபது வருசமா குளம் குளமாத் திரியிறவன். குளத்து மீன்பிடிச் சங்கத்து ஆக்கள் ஒருத்தரும் புகுத்தல், இணக்கல் எண்டு சொல்லக் கேட்டதே இல்ல. 'குஞ்சு விடுற' எண்டுதான் சொல்லுவாங்க. 'இந்த வருசம் குளத்துக்கு எத்தின குஞ்சு விட்டீங்க?' அவ்வளவுதான். எங்கட படிவத்தில 'இருப்புச் செய்தல்' எண்டு இரிக்கி, அதை வாசிச்சுட்டு ஒரு சங்கத் தலைவர் 'இருப்பு' எண்ட கட்டத்தில தன்ட களஞ்சியத்தில இருந்த வலைக் கணக்கை எழுதித் தந்தார், அவர்ல பிழை இல்ல, சொல்லுல பிழை.

நம்மட பக்கம் யப்பான் மீன் எண்டு சொல்லுறது திலாப்பியாதான். யப்பானுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல, ஆபிரிக்கா மீன், 1952இல இலங்கைக்கு வந்தது. தமிழ்நாட்டு ஆக்கள் அதை ஜிலேபி எண்டுறாங்க, திலாப்பியா வாயில உருண்டு ஜிலேபியாப் போச்சு. திலாப்பியா எண்ட பேரே தென்னாபிரிக்கப் பக்கத்து சுவானா மொழியில மீன் எண்டதுக்குள்ள சொல்லாம், அதை லத்தீனாக்கி வைச்சிரிக்காங்க. அப்ப நாங்க 'திலாப்பியா மீன்' எண்டக்குள்ள மீன்மீன் எண்டுதான் சொல்லுறம். சேருக்கு இது பிடிக்கும் எண்டு எழுதினன்.

எங்கட வாப்பா குளத்தில வலை போட்டுத்தான் எங்கள வளத்தார். பொட்டை மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ள வைச்சுக் காக்கும், வலையில பட்டதும் குஞ்சைத் துப்பும், வாப்பா அந்தக் குஞ்சுகளத் தண்ணியோட கோலி திரும்பிக் குளத்துக்குள்ள ஊத்திருவார். யப்பான் மீன் இல்லாட்டி அந்த நாள்ல எங்கட வீட்டில கறி இல்ல. அதால 'ஆக்கிரமிப்பு' எண்டு அதுக்குப் பேர் வைக்கக்குள்ள எனக்கு நெஞ்சு குத்தும். தம்பி சொன்ன மாதிரி நல்லது கெட்டது சொல்லாத சொல்லா எடுங்க. 'மீன் விடுகை' எண்டு வையுங்களன், ஆருக்கும் விளங்கும்.

மட்டக்களப்பிலிருந்து டீச்சர், புதன் காலை 6.30

காக்கா, வாப்பாட கதைய வாசிச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுதாம இருந்தன்.

'விடுகை' நல்லாத்தான் இரிக்கி, ஆனா உள்நாட்டு விரால் குஞ்ச ஒரு குளத்தில இருந்து இன்னொரு குளத்துக்கு விட்டாலும் அது விடுகைதான். இது வெளிநாட்டில இருந்து வந்தது எண்டது சொல்லுக்குள்ள வரணும்.

ராவு எனக்கு ஒரு யோசனை வந்திச்சு. நம்மட வரலாற்றுப் புத்தகத்தில காலனிக்கு 'குடியேற்ற நாடு' எண்டுதானே இரிக்கி. அப்ப இதுக்கு 'மீன் குடியேற்றம்' எண்டு வைச்சா என்ன? 'குடியேற்ற நாட்டு நீர்நிலைகளில் மீன் குடியேற்றம்' எண்டு தலைப்பே வந்திரும். ஆக்களக் குடியேத்தின மாதிரி மீனையும் குடியேத்தினாங்க எண்டு பிள்ளைகளுக்குச் சட்டெண்டு பிடிபடும். என்ன சொல்லுறீங்க?

மத்திய முகாமிலிருந்து நூலகத்தில வேலை செய்யிறவ, புதன் பகல் 12.50

டீச்சர், கோவிச்சுக்கொள்ளாதீங்க, இதை மட்டும் வேணாம்.

நான் இரிக்கிற இடத்தில கொலனி எண்டா வெள்ளைக்காரன்ட நாடு இல்ல, ஊருக்குப் பேரே கொலனி, நம்பர் போட்ட கொலனி. 1949இல கல்லோயாச் சபை வந்து, இங்கினியாகலையில பட்டிப்பளை ஆத்த மறிச்சு, சேனநாயக்க சமுத்திரத்தக் கட்டி, அந்தத் தண்ணிய நம்பிக் குடும்பம் குடும்பமா ஆக்களக் கொண்டுவந்து இருத்தினதுதான் இஞ்ச குடியேற்றம் எண்ட சொல்லுக்குக் கருத்து. என்ட வகுப்பில சிங்களப் பிள்ளைகளோடயும் முஸ்லிம் பிள்ளைகளோடயும் ஒண்டா ரியூசன் படிச்ச ஆக்கள் இரிக்காங்க. அந்தச் சொல் ஒரு வீட்டில காணி கிடைச்ச கதை, இன்னொரு வீட்டில காணி போன கதை, ரெண்டு வீட்டிலயும் செத்த ஆக்கள்ற கதையும் அதுக்குள்ள இரிக்கி. அதை மீனுக்கு வைச்சு வகுப்பில வாசிச்சா பிள்ளைகள் ஆளையாள் பாப்பாங்க, பாடம் அங்கேயே நிண்டுரும்.

அதே ஆண்டுகள்லதான் திலாப்பியாவும் வந்திரிக்கி, காக்கா 1952 எண்டு எழுதினத நான் இப்பதான் கவனிச்சன். தண்ணியும் ஆக்களும் மீனும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில. அதால எனக்கு இன்னொரு கேள்வி வருது. 1948இல சுதந்திரம் கிடைச்சிட்டு, திலாப்பியாவ விட்டது நம்மட அரசாங்கம், வெள்ளைக்காரன் இல்ல. கொசுப்புழு தின்னுறதுக்கு கப்பி மீன் விட்டதும், 1915இல கெண்டை வகையில ஐரோப்பாக் காப் மீனக் கொண்டுவந்ததும் அவங்க காலம். திலாப்பியா நம்ம காலம். சொல்லுக்குள்ள 'குடியேற்ற நாட்டு' எண்டதையும் வைக்க வேணாம், தலைப்பில மட்டும் வையுங்க. இல்லாட்டி விட்டது எல்லாமே வெள்ளைக்காரன் எண்டு பிள்ளைகள் நினைப்பாங்க.

'வந்தேறி மீன்' எண்டு ஆரும் சொல்ல முதல் நானே சொல்லிர்றன், அதுவும் வேணாம். மீன் தானா வரல்ல. 'வந்தேறி', 'ஊடுருவி' ரெண்டும் மீனக் குற்றவாளியாக்குது. ஐஸ் பெட்டிக்குள்ள முட்டையாக் கிடந்தது எங்க ஊடுருவினது?

காரைதீவிலிருந்து தமிழ் சேர், புதன் இரவு 8.10

நூலகத்து மகள் எழுதினத ஏத்துக்கொள்ளுறன். குடியேற்றம் எண்டதைக் கை விடுவம். இலக்கணத்தால அது சரியான சொல்தான், ஏறு தன்வினை, ஏற்று பிறவினை, குடியேறினது வேற குடியேற்றினது வேற. ஆனா சொல்லுக்கு இலக்கணத்துக்கு அங்கால ஒரு பாரம் இரிக்கி.

மகள் கடைசியில சொன்ன இடம்தான் மிக முக்கியம். மீன் தானா வரல்ல. அப்ப சொல் கட்டாயம் பிறவினையா இரிக்கணும். புகுதல் கூடாது, புகுத்தல். வரல் கூடாது, தரல். இதால 'இவண்தரல்' மறுபடியும் உள்ளுக்கு வருது எண்டதைக் கவனியுங்க.

தம்பிட 'அயல்மீன்'ல எனக்குக் கடுமையான ஆட்சேபம். அயல் எண்டா பக்கம். அயல் வீடு, அயல் ஊர், அயலவர். நம்மட ஆக்கள் அயலுக்குள்ள எண்டு சொன்னா கூப்பிடு தூரம். 'அயல்மீன்' எண்டா நவகிரிக் குளத்து மீன் உன்னிச்சைக்கு வந்ததெண்டுதான் ஒரு கிழவி விளங்குவா. தமிழ்நாட்டில 'அயல்நாடு' எண்டு வெளிநாட்டுக்கு எழுதுறாங்க, அது அவங்கட வழக்கு. 'அந்நியம்' வடசொல், தொல்காப்பியர் வடசொல்ல வடஎழுத்து நீக்கி எடுக்கலாம் எண்டார்தான், ஆனா இரிக்கிற தமிழ்ச் சொல்ல ஒதுக்கிட்டு எடுக்கச் சொல்லல்ல. 'வேற்று' எண்டு போடுங்க. வேற்று நாடு, வேற்று மண், வேற்றுமீன்.

ஏரி, குளம், வாவி மூண்டையும் டீச்சர் கலந்து எழுதிரிக்கிறா, அதையும் திருத்தணும். மட்டக்களப்பில இரிக்கிறது வாவி, அதுக்கு ஊர்ப்பேர்லயே களப்பு எண்டு இரிக்கி. களப்பு எண்டா கடலோட தொடுப்புள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மட்டு எண்டது எல்லையா, சேறா எண்டு பெரிய வழக்கே நடந்திரிக்கி. என்ட கருத்து...

வந்தாறுமூலையிலிருந்து விலங்கியல் மாணவன், புதன் இரவு 8.55

சேர், மட்டு பற்றின மடல தனித் தலைப்பில அனுப்பினா நல்லம், இல்லாட்டி டீச்சருக்குத் தேடி எடுக்க ஏலாமப் போகும். களப்பு இந்தப் பாடத்துக்கும் தேவைதான், யப்பான் மீன் உப்புத் தண்ணியும் தாங்கும், வாவிக்குள்ளயும் பிடிபடுது.

அயல் பற்றினத ஏத்துக்கொள்ளுறன், என்ட அம்மம்மாவும் அப்பிடித்தான் சொல்லுவா. ஆனா 'வேற்று'? வேற்றுமை உருபு ஞாபகம் வருது, வேற்றுக்கிரகவாசி ஞாபகம் வருது. நான் 'பிறநாட்டு மீன் புகுத்தல்' எண்டு மாத்துறன். நீளம்தான், ஆனா ஒருத்தருக்கும் அகராதி வேணாம்.

அக்கரைப்பற்றிலிருந்து மீன்வளக் களவேலை செய்யிறவர், வியாழன் காலை 5.50

இன்னும் பேசினா டீச்சர்ட அச்சு வேலை போயிரும். புகுத்தல் எண்டதுக்கு நானும் ஓம். ஆனா ஒரு பிடிவாதம், பாடத்துக்குள்ள ஒரு தரமாவது 'குஞ்சு விடுதல்' எண்டு வரணும். குளத்தடிப் பிள்ளை வாசிக்கக்குள்ள தன்ட வாப்பா செய்யிற வேலைதான் இது எண்டு அதுக்கு விளங்கணும். 1990இல இருந்து 94 வரைக்கும் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு உதவிய நிப்பாட்டினது, குஞ்சு விடுறதும் நிண்டது, அந்த நாலு வருசத்த இஞ்ச ஆக்கள் 'குஞ்சு விடாத காலம்' எண்டு இன்னும் சொல்லுறாங்க. அந்த வாக்கியத்தில 'புகுத்தாத காலம்' எண்டு போட்டுப் பாருங்க, அது நிக்காது.

மத்திய முகாமிலிருந்து நூலகத்தில வேலை செய்யிறவ, வியாழன் பகல் 1.15

புகுத்தலுக்கு என்ட வாக்கு. 'பிறநாட்டு', 'வேற்று' எதெண்டாலும் சரி. செயப்பாட்டு வினையில மட்டும் எழுதாதீங்க டீச்சர். 'புகுத்தப்பட்டது' எண்டா திரும்பவும் புகுத்தின ஆள் காணாமப் போயிருவார். 'துரைமார் புகுத்தினர்', 'அரசாங்கம் புகுத்தியது' எண்டு எழுதுங்க.

மட்டக்களப்பிலிருந்து டீச்சர், வியாழன் இரவு 11.35

எல்லாருக்கும் நன்றி. நான் இப்பிடி முடிவெடுத்திரிக்கன். செய்கைக்கு 'பிறநாட்டு மீன் புகுத்தல்'. அது தங்கிப் பெருகினா 'நிலைபெறல்'. குளங்கள்ல பண்ணைக் குஞ்ச விடுறதுக்கு 'குஞ்சு விடுதல்', அடைப்புக்குறி மேற்கோள் ஒண்டும் இல்லாம, சாதாரணமா. புகுத்தினது ஆர் எண்டு தெரிஞ்ச எல்லா இடத்திலயும் வாக்கியத்தத் திருப்பி எழுவாயப் போட்டுட்டன், முப்பது இடத்துக்கு மேல இருந்திச்சு, ராவிருட்டி அதுதான் வேலை. மகள் திரும்ப வாசிச்சாள், ஒரு கேள்வியும் கேக்கல்ல.

காரைதீவிலிருந்து தமிழ் சேர், வெள்ளி காலை 5.05

பிள்ளை, உங்கட கைநூல், உங்கட முடிவு. ஆனா என்ட ஆட்சேபம் பதிவில இரிக்கட்டும். 'புகுத்தல்'ல திசை இல்ல. திணிப்பு வாடையும் இரிக்கி, தம்பி நல்லது கெட்டது சொல்லாத சொல் கேட்டார், புகுத்தல் கொஞ்சம் கெட்டது சொல்லுது. கரும்பைப் புகுத்தினான் எண்டு ஔவை பாடல்ல, தந்தான் எண்டு பாடினா. அடுத்த பதிப்பில ஒரு அடிக்குறிப்பாவது 'இவண்தரல்' எண்டு போடணும்.

மட்டக்களப்பிலிருந்து டீச்சர், வெள்ளி காலை 7.20

அடிக்குறிப்பு இந்தப் பதிப்பிலயே போடுறன் சேர், புறநானூற்று வரியோட.

கடைசியா ஒண்டு, பின்னேரம் மூண்டு மணிக்குள்ள சொல்லுங்க. சாமன எப்பிடி எழுதுற? 'செமன்' எண்டு போட்டா பிள்ளைகளுக்கு கடையில விக்கிற செமன் டின்தான் கண்ணுக்கு முன்னால வரும், அந்த டின்னுக்குள்ள அனேகமா இரிக்கிறது வேற மீன். 'சாமன்' எண்டு போட்டா சாமான் எண்டு வாசிக்கிறாங்க, மகளும் அப்பிடித்தான் வாசிச்சவள்.